அணிப்பண்ணை: மாண்டிசெல்லோ மலைத்தோட்டத்தில் அழகும் பயனும்

தோட்டம் உணவுக்கு உரியதா, உவகைக்கு உரியதா என்னும் வினா மிகப் பழையது. தமிழ்ச் சொற்களை நோக்கின், இவ்விரு நோக்கங்களும் வேறு வேறு பெயர்களால் சுட்டப்பெறுதலைக் காணலாம். பொழில், சோலை, கா என்பன நிழலும் மலரும் கருதிய சொற்கள். கொல்லை, துடவை, தோட்டம் என்பன விளைவு கருதியவை. மனையை அடுத்துக் கிடந்த படப்பை என்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது எனலாம். மேனாட்டிலும் செல்வர்தம் நாட்டுப்புற மாளிகைகளில் இன்பத்திற்கு ஒரு தோட்டமும் அடுக்களைக்கு ஒரு தோட்டமும் எனப் பிரித்து அமைத்தலே நெடுங்கால வழக்கமாக இருந்தது. அடுக்களைத் தோட்டம் மதிலுக்குள் மறைக்கப்பட்டது. மலர்த்தோட்டம் விருந்தினர் கண்முன் விரிக்கப்பட்டது.

18ஆம் நூற்றாண்டில் இப்பிரிவினை நீக்கி, உழுநிலத்தையும் உலாவும் இடத்தையும் ஒன்றாக்க வேண்டும் என்னும் கருத்து ஆங்கில நாட்டில் எழுந்தது. அக்கருத்தின்வழி அமைந்த நிலத்தைப் பிரெஞ்சுப் பெயரால் ‘ஃபெர்ம் ஓர்னே’ என்று வழங்கினர். அணி செய்யப்பெற்ற பண்ணை என்பது அதன் பொருள். ஈண்டு அதனை ‘அணிப்பண்ணை’ என வழங்குவாம். அக்கருத்து அமெரிக்க நாட்டில் தாமஸ் ஜெபர்சனின் மாண்டிசெல்லோ மலைத்தோட்டத்தில் எவ்வாறு உருப்பெற்றது, அதனை உருவாக்கிய கைகள் யாருடையவை, அத்தோட்டத்தின் பயன் எத்தகையது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில நாட்டு முன்னோடிகள்

1712ஆம் ஆண்டில் ஜோசப் அடிசன் என்னும் கட்டுரையாளர் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில், ஒருவர் தம் நிலம் முழுவதையுமே ஒரு தோட்டம்போல் ஆக்கிக்கொள்ளலாகாதா என வினவினார். மரம் நடுதலால் உடையவருக்கு இன்பமும் வருவாயும் ஒருங்கே கிட்டும் என்பது அவர் கருத்து. 1718இல் தோட்டக்கலை நூல் எழுதிய ஸ்டீபன் சுவிட்சர் இக்கருத்தினைச் செயல்முறைக்கு ஏற்ற வகையில் விரித்துரைத்தார்.

இதனைச் செயலிற் காட்டியவர் இருவர் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர். ஒருவர் பிலிப் சவுத்கோட். அவர் 1730களின் இடைப்பகுதியில் சர்ரே மாவட்டத்து ஓபர்ன் பண்ணையை வாங்கி, வயல்களைச் சுற்றிலும் பூஞ்செடிகளும் புதர்களும் அடர்ந்த நடைபாதை ஒன்றை அமைத்தார். நடைபாதையில் உலாவுவோர் ஒருபால் மலர்களையும் மற்றொருபால் மேயும் ஆநிரையையும் விளையும் பயிரையும் கண்டுகொண்டே செல்வர். மற்றவர் வில்லியம் ஷென்ஸ்டன் (1714-1763) என்னும் கவிஞர். லெசோஸ் என்னும் தம் மேய்ச்சற் பண்ணையில் ஓடையும் அருவியும் இருக்கைகளும் காட்சியிடங்களும் அமைத்துப் பலரும் வந்து காணும் இடமாக அதனை ஆக்கினார்.

1786ஆம் ஆண்டு ஏப்ரலில், அந்நாளில் பிரான்சு நாட்டில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெபர்சன், ஜான் ஆடம்சுடன் ஆங்கிலத் தோட்டங்கள் பலவற்றைச் சென்று கண்டார். தாமஸ் வாட்லி 1770இல் வெளியிட்ட தோட்டக்கலை நூலைக் கையிற் கொண்டு, நூலுரையையும் கண்ட காட்சியையும் ஒப்பிட்டுக் குறிப்பெழுதினார். அக்குறிப்புகளில் இரண்டு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை.

ஓபர்ன் பண்ணையில் அவர் முதற்கண் எண்ணியது வேலையாட்களை. பண்ணைக்கு நால்வர், இன்பத் தோட்டத்திற்கு நால்வர், காய்கறித் தோட்டத்திற்கு நால்வர் எனப் பன்னிருவர் அங்கு உழைத்தனர் என்று குறித்தார். மூன்றும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன என்றும், இன்பத் தோட்டம் என்பது மற்ற இரண்டன் பிரிவுகளின் ஊடேயும் சுற்றியும் செல்லும் அணிமிக்க நடைபாதையே என்றும் எழுதினார். லெசோஸ் பண்ணையிலோ அவர் மனம் நிறைவு பெறவில்லை. அது மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிய ஒரு பாதையேயன்றி அணிப்பண்ணை ஆகாது என்றார். குறைந்த வருவாயுடைய ஷென்ஸ்டன் அப்பண்ணைக்குச் செய்த செலவினால் அழிவுற்றார் என்றும், கடன் தந்த மனத்துயரே அவர் சாவுக்குக் காரணமெனச் சொல்லப்படுகிறது என்றும் குறித்துவைத்தார். அழகின் பொருட்டு நிலமுடையான் கடனாளியாதல் கூடும் என்பதனை ஜெபர்சன் தம் 43ஆம் அகவையிலேயே அறிந்திருந்தார் என்பது இதனால் புலனாகும்.

மலையும் மனையும்

மாண்டிசெல்லோ என்பது இத்தாலியச் சொல். சிறுமலை என்பது பொருள். வர்ஜீனியா மாநிலத்துச் சார்லட்ஸ்வில் நகரின் அண்மையில் உள்ள அம்மலையும் அதனைச் சூழ்ந்த நிலமும் சேர்ந்து ஏறக்குறைய 5,000 ஏக்கர் பரப்புடைய பெரும்பண்ணையாகும். 1768இல் மலையுச்சியை 250 அடிச் சதுரமாகச் சமன்படுத்த ஒருவருடன் ஜெபர்சன் உடன்படிக்கை செய்துகொண்டார். 180 புஷல் கோதுமையும் 24 புஷல் சோளமும் அதற்குரிய கூலி. 1769இல் மாளிகைப் பணி தொடங்கியது.

இவையெல்லாம் நமக்குத் தெரியவருவது அவர் வைத்திருந்த தோட்டக் குறிப்பேட்டினால். 1766ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊதாநிற ஹையசிந்த் மலர் அரும்பவிழத் தொடங்கிய செய்தியோடு அவ்வேடு தொடங்குகின்றது. 1824 வரையில் தொடர்கின்றது. 1944இல் எட்வின் பெட்ஸ் அதனைத் தொடர்புடைய கடிதங்களோடு பதிப்பித்தார். ஒரு மனிதர் தம் நிலத்தை ஏறத்தாழ 58 ஆண்டுகள் கண்ணுற்று எழுதிய ஏடு என்னும் வகையில் அதன் பெருமை பெரிது.

காய்கறிப் பயிர் 1770 முதலே மலைச்சரிவில் இடப்பட்டது. 1806இல்தான் சரிவை வெட்டிப் படித்தளம் அமைக்கும் பணி தொடங்கிற்று. ஜெபர்சன் அப்பொழுது நாட்டின் தலைவராக வாஷிங்டனில் இருந்தார். கண்காணி எட்மண்ட் பேக்கன் பணியை மேற்பார்த்தார். செம்மண்ணைத் தோண்டிச் சுமந்து கொட்டியவர்கள் அடிமை மக்கள். 1,000 அடி நீளமும் 80 அடி அகலமும் உடைய படித்தளம் இவ்வாறு எழுந்தது. அதனைத் தாங்கும் கற்சுவர் உயர்ந்த இடத்தில் 12 அடிக்கும் மிகுந்தது. ஏறக்குறைய 2 ஏக்கர் பரப்புடைய அத்தளத்தை 24 சதுக்கங்களாகப் பகுத்தனர். கீழே 8 ஏக்கரில் பழத்தோட்டமும் கொடிமுந்திரித் தோட்டமும் சீமை அத்தி முதலியவற்றிற்குரிய பாத்திகளும் அமைந்தன. எல்லாவற்றையும் சூழ, 10 அடி உயரப் பலகை வேலி ஏறக்குறைய முக்கால் மைல் நீளத்திற்கு நின்றது. முயற்குட்டியும் நுழைய இயலாதவாறு பலகைகளை நெருக்கி அடிக்கவேண்டும் என்பது ஜெபர்சனின் ஆணை.

அழகும் பயனும் இயைந்த முறை

இத்தோட்டத்தில் அழகு பயனுக்குப் புறம்பாகச் சேர்க்கப்பட்ட ஒன்றன்று. பயன் கருதிய அமைப்பே அழகாகவும் வெளிப்பட்டது. இதனை மூவகையால் விளக்கலாம்.

முதலாவது, இடத்தேர்வு. படித்தளம் தென்கிழக்கு நோக்கிய சரிவில் உள்ளது. குளிர்காலத்துக் கதிரவன் ஒளி அங்கு நன்கு படும். குளிர்ந்த காற்று கனமுடைமையால் பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கும். ஆதலின் கீழ்நிலத்தை உறைபனி தாக்கும் நாட்களிலும் மலைச்சரிவு தப்பும். பகலில் வெப்பத்தை ஏற்ற கற்சுவர் இரவில் அதனைச் சிறிது சிறிதாக வெளியிடும். சுவரை ஒட்டிய பாத்திகளில் பட்டாணி முந்தி விளைந்தது. அதே இடம்தான் மலைநாட்டின் பரப்பெல்லாம் கண்ணுக்கு விருந்தாக விரியும் இடமுமாகும்.

இரண்டாவது, வகைப்பாடு. கனி கொள்வன, வேர் கொள்வன, இலை கொள்வன எனப் பயிர்களைக் கொள்ளும் உறுப்பினால் பகுத்துச் சதுக்கங்களில் இட்டனர். தக்காளியும் அவரையும் ஒரு பகுதி. பீட்டும் காரட்டும் ஒரு பகுதி. முட்டைக்கோசும் லெட்டூஸ் கீரையும் ஒரு பகுதி. பயிரிடுவோர்க்கு எளிமையும் காண்போர்க்கு ஒழுங்கும் இதனால் ஒருங்கே கிட்டின.

மூன்றாவது, வண்ணமும் நிழலும். ஊதா, வெள்ளை, பச்சை ஆகிய நிறங்களையுடைய புரொக்கோலியை அடுத்தடுத்து நடுதல் குறித்தும், வெண்கத்தரியையும் ஊதாக்கத்தரியையும் மாறி மாறி நடுதல் குறித்தும் ஜெபர்சன் எண்ணினார். தக்காளிச் சதுக்கத்திற்கு எள்ளும் வெண்டையும் வரம்பாயின. பல நிறப் பூக்களையுடைய அவரைக் கொடிகள் பந்தலில் ஏற்றப்பட்டன. நீண்ட நடைபாதைக்கு நிழல் தரச் செர்ரி மரங்கள் நடப்பட்டன. நிழலும் தந்து கனியும் தரும் மரத்தையே அவர் தேர்ந்தமை நோக்கத்தக்கது. தளத்தின் நடுவே, கற்சுவரின்மீது, 1812இல் சிறு மண்டபம் ஒன்று எழுந்தது. மாலைப்பொழுதில் அவர் அங்கு அமர்ந்து நூல் படிப்பதுண்டு. பல வகைக் கட்டடப் பாணிகளில் சிறு கோயில்கள் பல அமைக்க முன்னர் எண்ணியவர், இறுதியில் இவ்வொரு மண்டபத்தோடு அமைந்தார். ஷென்ஸ்டன் பண்ணையிற் கண்ட பாடம் அவர் நினைவில் நின்றிருத்தல் கூடும்.

ஆராய்ச்சிக் களமாகிய தோட்டம்

மாண்டிசெல்லோவில் பயிரிடப்பட்ட காய்கறி, மூலிகைகளின் வகை 330 எனவும், பழவகை 170 எனவும் கணக்கிட்டுள்ளனர். பட்டாணியில் மட்டும் 15 வகை இருந்தன. இத்துணை வகைகள் ஓர் இல்லத்தின் உணவுக்கு வேண்டுவன அல்ல. உலகின் பல பகுதிகளினின்றும் விதைகளை வருவித்து, வர்ஜீனியாவின் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றன எவை எனக் காண்பதே அவர் கருத்து. பிலடெல்பியா நகர விதை வணிகரும் 1806இல் தோட்டக்கலை நூல் வெளியிட்டவருமான பெர்னார்டு மக்மான் அவருக்குப் பெருந்துணையாயினார். லூயிஸ், கிளார்க் என்போர் மேற்கு நிலங்களை ஆராய்ந்து கொணர்ந்த விதைகள் மக்மானிடம் ஒப்படைக்கப்பட்டன.

1809இல் பதவி நீங்கி மலைக்குத் திரும்பியபின் ஜெபர்சன் எழுதிய பயிர்க்கால அட்டவணை ஒரு சிறந்த ஆவணம். எங்கு விதைத்தது, எப்பொழுது விதைத்தது, எப்பொழுது நாற்றுப் பிடுங்கி நட்டது, எப்பொழுது உணவுக்கு வந்தது, எப்பொழுது தீர்ந்தது எனப் பத்தி பிரித்து எழுதினார். தவறிப்போன பயிர்களையும் மறைக்கவில்லை. பயிர் பொய்த்தது என்னும் குறிப்பு அவ்வட்டவணையிற் பன்முறை வருகின்றது. தண்ணீரும் பெருங்குறையாக இருந்தது. மலையுச்சிக் கிணறு சில ஆண்டுகளில் வறண்டது. 1807இல் ஐரோப்பியக் கொடிமுந்திரியில் 24 வகைகளைச் சேர்ந்த 287 கொடிகளை நட்டார், அவை நிலைபெறவில்லை. அமெரிக்க மண்ணில் வாழும் வேர்ப்பேன் ஐரோப்பியக் கொடிகளை அழிப்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அறியப்பட்டது. காரணம் தெரியாமலே அவர் பல்லாண்டு முயன்றார். ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று அக்குறையை நிரப்பிவிடும் என்னும் கருத்துப்பட 1811இல் ஓவியர் சார்லஸ் வில்சன் பீலுக்கு எழுதினார்.

ஆகவே, இத்தோட்டத்தின் பயன் அறிவுப்பயன் எனின் அது முற்றும் பொருந்தும். உணவுப்பயன் எனின், அதனை வேறொரு சான்றுகொண்டு ஆராய்தல் வேண்டும்.

தோட்டத்தை ஆக்கியோர்

மாளிகைக்கும் காய்கறித் தளத்திற்கும் இடையே முசுக்கட்டை மரங்கள் நின்ற பாதை ஒன்று உண்டு. முசுக்கட்டை வரிசை என அதற்குப் பெயர். ஆணி செய்யும் பட்டறையும் தச்சுப் பட்டறையும் அடிமை மக்களின் குடில்களும் அதன் ஓரத்தில் இருந்தன. மாளிகையின் புல்வெளியில் நின்று நோக்குவார்க்கு அவை எளிதிற் புலப்படா. சமையற்கூடம் முதலியனவும் மலைச்சரிவில் தாழ்த்தப்பட்ட சிறகுகளுக்குள் அடங்கின. உழைப்பு கண்ணுக்குப் படாமல் அதன் விளைவு மட்டும் காட்சிக்கு வருமாறு மலை முழுவதும் அமைக்கப்பட்டது எனலாம்.

ஜெபர்சன் தம் வாழ்நாளில் உடைமையாகக் கொண்டிருந்த அடிமைகள் ஏறத்தாழ 600 பேர். எல்லா மாந்தரும் நிகராகப் படைக்கப்பட்டனர் என 1776இல் உலகறிய எழுதியவர் அவர். இம்முரண்பாடு பலராலும் பேசப்பட்டதே. தோட்ட வரலாற்றில் அது எவ்வாறு பதிந்துள்ளது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. குறிப்பேட்டில் உழைப்பு பெரும்பாலும் அளவையாக வருகின்றது. 1772இல் ஜூலியஸ் ஷார்டு என்னும் வேலையாள் இருசக்கர வண்டியை 3 நிமிடத்தில் மண்ணால் நிரப்பி, 30 கஜத் தொலைவுக்கு ஒன்றரை நிமிடத்தில் தள்ளிச் சென்றதை ஜெபர்சன் கணக்கிட்டு எழுதினார். ஓபர்ன் பண்ணையில் ஆட்களை எண்ணிய அதே கண்தான் இதுவும். ஆனால் அங்கு எண்ணப்பட்டவர் கூலிக்கு உழைத்தோர். மாண்டிசெல்லோவின் படித்தளத்தை வெட்டியவர்களோ கூலி பெறாதவர்.

அவர்களுள் வார்ம்லி ஹியூஸ் என்பவர் சிறப்பாக நினைக்கத்தக்கவர். 1781இல் பிறந்த அவர் சிறுவராக ஆணிப்பட்டறையில் உழைத்தார். பின்னர்த் தலைமைத் தோட்டக்காரரானார். ஜெபர்சன் தொலைவிலிருந்து அனுப்பிய விதைகளும் கிழங்குகளும் மரக்கன்றுகளும் அவர் கைப்பட்டே வேர்கொண்டன. நுண்ணிய குறிப்பெழுதியவர் ஒருவர்; அக்குறிப்புக்குப் பொருளாகிய செடியை வளர்த்தவர் மற்றொருவர்.

இருவகை ஏடுகள்

தோட்டக் குறிப்பேட்டோடு வைத்து எண்ணத்தக்க மற்றோர் ஏடு உண்டு. ஜெபர்சனின் பேர்த்தி ஆன் கேரி ராண்டால்ஃப் 1805 முதல் 1808 வரை எழுதிய வீட்டுக்கணக்கு அது. மாளிகைச் சமையலுக்காக அடிமைக் குடும்பங்களிடமிருந்து விலைக்கு வாங்கிய பொருள்கள் அதில் பெயரோடும் விலையோடும் குறிக்கப்பட்டுள்ளன. கோழி, முட்டை, வெள்ளரி, முட்டைக்கோசு, தர்ப்பூசணி முதலியன அவற்றுட் சில. பேக்வெல் கிரேஞ்சர் என்பவர் மதுவடித்தலுக்கு உரிய ஹாப்ஸ் விற்றார்.

இதன் பொருள் யாது? 330 வகை விளைந்த மலைத்தோட்டத்தின் உரிமையாளர் இல்லம், தம் அடிமைகளின் குடிற்புறத்துச் சிறு கொல்லைகளினின்றும் காய்கறி வாங்கியது. அக்கொல்லைகள், பகல் முழுதும் பிறர் நிலத்தில் உழைத்தோர் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பாடுபட்டுப் பயிர்செய்தவை. கற்சுவரும் மண்டபமும் அவற்றிற்கு இல்லை. அங்கு என்று விதைத்தனர், எது பொய்த்தது என எழுதிய ஏடும் இல்லை. எனினும் அடுக்களைக்கு வேண்டுவதனை அவை தவறாது தந்தன என்பதற்கு அவ்வீட்டுக்கணக்கே சான்று. புதியன காணும் தோட்டம் பொய்த்தலைப் பொறுக்கலாம். வயிறு வளர்க்கும் கொல்லை பொறுக்கவியலாது. வெண்டை முதலாக ஆப்பிரிக்க நிலத்திற்குரிய பயிர்கள் வர்ஜீனிய உணவில் இடம்பெற்றமையும் இம்மக்களின் வரலாற்றோடு இயைந்த செய்தியாகும்.

கடனும் ஏலமும்

1826ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ஜெபர்சன் மறைந்தார். அவருக்குக் கல்லறை தோண்டியவர் தோட்டக்காரர் வார்ம்லி ஹியூஸ். அவர் விட்டுச்சென்ற கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேற்பட்டது. அக்கடன் தோட்டத்தால் மட்டும் வந்ததன்று. மாமனார்வழி வந்த கடன், மாளிகையை இடித்தும் கட்டியும் செய்த செலவு, நண்பருக்குப் பிணை நின்ற 20,000 டாலர், 1819இல் நாடெங்கும் நேர்ந்த பொருளாதார நெருக்கடி ஆகிய பலவும் அதற்குக் காரணங்களாம். எனினும் லெசோஸ் பண்ணையில் ஷென்ஸ்டனைப்பற்றி அவர் எழுதிய குறிப்பு 40 ஆண்டுகட்குப்பின் அவருக்கே பொருந்துவதாயிற்று.

ஆயினும் இரண்டற்கும் ஒரு பெரு வேறுபாடு உண்டு. ஷென்ஸ்டனின் கடன் ஷென்ஸ்டனை வருத்தியது. ஜெபர்சனின் கடனை இறுதியில் தீர்க்க நேர்ந்தவர் பிறர். 1827ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், மாண்டிசெல்லோ மலையிலேயே, 130 அடிமை மக்கள் ஏலத்திற்கு வைக்கப்பட்டனர். வார்ம்லி ஹியூஸ் ஜெபர்சன் மகளின் இசைவால் விடுதலையுற்றிருந்தார். அவர் மனைவி அர்சலாவும் மக்களும் அவ்வேலத்தில் விற்கப்பட்டனர். மலைத்தோட்டத்தைத் தம் கையால் வளர்த்தவருக்கு அத்தோட்டத்தின் உடைமை வரலாறு தந்த பயன் இதுவாயிற்று.

1831இல் மாளிகையும் கைமாறியது. 1820களின் இறுதியில் மண்டபம் பெருங்காற்றில் விழுந்ததென்பர். படித்தளம் புல்மூடிக் கிடந்தது. 1923இல் ஓர் அறநிறுவனம் மலையை வாங்கியது. 1979 முதல் வில்லியம் கெல்சோ முதலிய தொல்பொருள் ஆய்வாளர் அகழ்ந்து, கற்சுவரின் அடித்தளத்தையும் வேலிக்கால் நட்ட குழிகளின் தடத்தையும் கண்டனர். அச்சான்றுகளையும் குறிப்பேட்டையும் கொண்டு தோட்டம் மீளமைக்கப்பட்டது; 1984இல் மண்டபம் மீண்டும் எழுந்தது. 1987இல் மாண்டிசெல்லோ உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அண்மை ஆண்டுகளில் முசுக்கட்டை வரிசையில் அடிமை மக்கள் வாழ்ந்த குடிலும் மீளக் கட்டப்பெற்றது. தோட்டத்தை முதலிலும் குடிலை நெடுநாள் கழித்தும் கட்டிய இவ்வரிசைமுறையே, எந்த ஏட்டினை வரலாற்றாசிரியர் முதலில் விரித்தனர் என்பதனைக் காட்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, விளைவையும் வனப்பையும் ஒரே நிலத்தில் இணைத்தல் இயலும் என்பதற்கு மாண்டிசெல்லோ உண்மையான சான்றாகும். இடத்தேர்வும் வகைப்பாடும் வண்ண ஒழுங்கும் அங்கு ஒருங்கே இருவகைப் பயனும் தந்தன. இரண்டு, அத்தோட்டத்தின் தலையாய விளைவு உணவன்று, அறிவே. அடுக்களையின் தேவை ஓரளவு அடிமை மக்களின் கொல்லைகளாலும் நிறைவுற்றது. மூன்று, அணிப்பண்ணை என்னும் கருத்து நிலத்தின் அழகையும் வருவாயையும் எண்ணியதேயன்றி, உழைப்பவர் நிலையை எண்ணவில்லை. தோட்டத்தின் பயனை அளக்கப் புகுவோர் குறிப்பேட்டினை ஒரு கையிலும் வீட்டுக்கணக்கினை மறு கையிலும் கொள்ளுதல் வேண்டும். ஏலப் பட்டியலையும் அவற்றோடு சேர்த்துக் கற்ற பின்னரே கணக்கு நிறைவுறும்.